நான்கு நாய்களின் சொந்தக்காரன்

இத்தாலியில் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வேட்டையாடக் கூடாது. நாடு முழுவதற்கும் அதுதான் சட்டம். எங்கள் வீட்டிலும் செவ்வாய், வெள்ளியில் மச்சம் இல்லை, மீனோ இறைச்சியோ சமைப்பதில்லை. அதனால் இந்தச் சட்டத்தை ஒருமுறை கேட்டதும் மறக்கவில்லை. மறந்திருந்தால் நல்லது என்று இப்போது நினைக்கிறேன்.

எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் அவ்வொகாத்தோ. வழக்கறிஞரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். வேலையை விட்டு எத்தனை வருடமானாலும் அந்தப் பட்டம் போகாது. அவருக்கு எண்பத்து நான்கு வயது. பலெர்மோவின் பணக்காரத் தெருவான லிபெர்த்தாவில் மூன்றாம் மாடியில் ஏழு அறை வீடு. அவருடைய மனைவி எழும்பி நடக்க முடியாதவர். என் மனைவி பதினொரு வருடமாக அந்த அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். நான் ஒன்பது வருடமாக அவ்வொகாத்தோவின் நாய்களைப் பார்த்தேன்.

நாய்கள் நான்கு. வயது வரிசைப்படி எண் வைத்தே நான் அவற்றைச் சொல்வேன். முயல் பிடிப்பதற்கென்றே சிசிலியில் வளர்க்கும் சாதி. மெலிந்த, செம்மண் நிற உடம்பு. அந்த உடம்புக்குப் பொருத்தமில்லாத பெரிய காதுகள் எப்போதும் நிமிர்ந்தே நிற்கும். ஒரு பக்கத்தில் வெளியே தெரியும் விலா எலும்புகள் ஏழு. நகரின் மறுபக்கம் ஒரேத்தோவில் நான் குடியிருக்கும் கட்டடத்திலிருந்து அறுநூற்று நாற்பது காலடி தூரத்தில் அவ்வொகாத்தோவுக்கு ஒரு துண்டுக் காணி இருந்தது. அதைக் கம்பி வேலியால் அடைத்து நாய்களை அங்கேதான் வைத்திருந்தார். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை நான் போய்ச் சாப்பாடு வைத்து, கழுவி, உலாத்திவிட்டு வருவேன். வேட்டைக் காலத்தில் வாரம் இரண்டு விடியலில் மலையடிவாரத்துக்கு அவரோடு போவேன். துவக்கு அவருடைய கையில், நாய்க் கயிறுகள் என் கையில்.

போகிற வழியில் எனக்குப் பாடம் நடக்கும். பொலிசுக்கு என்ன செய்ய உரிமை உண்டு, என்ன செய்ய உரிமை இல்லை என்பதுதான் பாடம். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து விரல் விரலாக நீட்டுவார். தெருவில் மறித்தால் பெயரைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்காரன் பெர்மெஸ்ஸோவைக் காட்ட வேண்டும், அதாவது இங்கே இருப்பதற்கான அனுமதி அட்டையை. அதற்கு மேல் கேட்கிற எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. வீட்டைச் சோதிக்க நீதிபதியின் கடிதம் வேண்டும். ஆயுதம் இருக்கிறது என்று சந்தேகித்தால் மட்டும் கடிதம் இல்லாமலே வரலாம். நீ யார் என்பதில் சந்தேகம் வந்தால் பன்னிரண்டு மணித்தியாலம் வரை பிடித்து வைக்கலாம். ஐந்தாவது விரல், வாசிக்காமல் எதிலும் கையெழுத்து வைக்காதே என்பது. அந்த நேரம் கார் வெள்ளைக் கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகும். நான் முன்னால் வரும் லொறிகளைப் பார்த்துக்கொண்டு ஓம், ஓம் என்பேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் துவக்கு அனுமதியைப் புதுப்பிக்கப் போன இடத்தில் அவருடைய கண்ணைப் பரிசோதித்த வைத்தியர் முடியாது என்று சொல்லிவிட்டார். துவக்குகளை ஒப்படைக்க வேண்டி வந்தது. துவக்குக்கு உதவாத கண் காருக்கு உதவும் என்று அவர் முடிவு செய்துகொண்டார். அந்த மாதமே நான்கு படிவங்கள் கொண்டுவந்தார். நாய்க்குத் தோலுக்கு அடியில் வைக்கும் சிப்பின் பதிவை மாற்ற வேண்டுமாம். நாய்களுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவரின் பெயர் இருந்தால் மிருக வைத்தியருக்கு வசதியாம். ஒரு நாய்க்கு இரண்டு கையெழுத்து, மொத்தம் எட்டு. எட்டும் சரியாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தேன். வாசிக்கவில்லை. ஏழு வருடம் சோறு போட்டவர் நீட்டிய பேனையை வாங்கிவிட்டு, பொறுங்கோ வாசிக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படித்தவன்தான், ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், பதினாறு வருடம் எழுதுவினைஞனாக இருந்தவன்தான். இருந்தும் வரவில்லை.

துவக்கு போன பிறகு வேட்டை என்ற சொல்லை அவர் விட்டுவிட்டார். நாயை உலாத்தப் போகிறோம் என்பார். மலையடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே இருப்பார். நான் மேலே ஏறிக் கயிற்றை அவிழ்த்து விடுவேன். யன்னலைத் திறந்துவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, குரைப்பை வைத்தே எந்த நாய் எங்கே ஓடுகிறது என்று சொல்லுவார். அநேகமாகச் சரியாக இருக்கும்.

போன ஒக்டோபரில் ஒரு நாள் விடிய அவர் கார் என் வாசலுக்கு வந்தது.

"அவ்வொகாத்தோ, இண்டைக்குச் செவ்வாய்" என்றேன்.

"நாய்க்குக் கிழமை தெரியுமோ?"

"எனக்குத் தெரியுமே."

"அதுதான் நல்லது. ஒருத்தரும் துவக்கோடை வரமாட்டினம். நாய்க்கு வெடி படாது. ஏறு, ஏறு. கிழவனாட்டம் நிக்காதை."

அவர் என்னை நீ என்பார், நான் அவரை நீங்கள் என்பேன். எனக்கு அறுபத்தொன்பது வயது.

ஏறினேன். ஏறியிருக்கக் கூடாது என்பதற்கு ஒரு பெரிய காரணம் அப்போது என்னிடம் இருந்தது. எங்கள் ஒரே மகள் லண்டனில் இருக்கிறாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டையும் நாங்கள் தொலைபேசித் திரையில்தான் பார்த்திருக்கிறோம். விசாவுக்கு இரண்டு தடவை விண்ணப்பித்தோம், இரண்டு தடவையும் இல்லை என்று வந்தது. இத்தாலியக் கடவுச்சீட்டு கிடைத்தால் விசா இல்லாமல் போய் வரலாம். குடியுரிமைக்கு எழுதிப்போட்டு, மொழிப் பரீட்சையும் எடுத்து, கடைசிக் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். அந்த நேரத்தில் என் பெயரில் ஒரு குற்றப் பதிவு விழுந்தால் எல்லாம் அப்படியே நின்றுவிடும். இதை அவ்வொகாத்தோவுக்கு ஒரு தடவை அல்ல, குறைந்தது ஐந்து தடவை சொல்லியிருக்கிறேன்.

காரிலிருந்து கல்மதில் வரை இருநூற்றுப் பன்னிரண்டு காலடி. அங்கே நான்கு கயிறுகளையும் அவிழ்த்தேன். நாய்கள் கொஞ்ச நேரம் அசையாமல் காதை மட்டும் திருப்பிக்கொண்டு நின்றன. பிறகு மூன்றாவது நாய் முட்புதருக்குள் பாய்ந்தது, மற்ற மூன்றும் அதன் பின்னால் போயின. ஐந்து நிமிடம் இருக்காது. மூன்றாவது ஒரு முயலைக் கவ்விக்கொண்டு வந்து என் சப்பாத்துக்குப் பக்கத்தில் போட்டது. விட்டால் நான்கும் இழுத்துக் கிழிக்கும் என்று குனிந்து தூக்கினேன். பின்காலைப் பிடித்துத் தூக்கி நிமிரும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் இரண்டு காட்டுக் காவலர்கள் நின்றார்கள். மீசைக்காரர் ஒருவர், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். காட்டுக் காவலர் என்றாலும் பொலிசுக்கு உள்ள உரிமை அவர்களுக்கும் உண்டு. அதுவும் பாடத்தில் வந்ததுதான்.

நேரம் ஏழு இருபது.

"இண்டைக்கு என்ன கிழமை எண்டு தெரியுமோ?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

பெயருக்கு மேல் எதுவும் சொல்லாதே என்று ஒன்பது வருடம் கேட்ட பாடம் எங்கே போனதோ தெரியாது. நான் குற்றமில்லாதவன் என்று காட்ட வேண்டும் என்ற அவசரம்தான் முன்னால் வந்தது.

"தெரியும். செவ்வாய். வேட்டையாடக் கூடாத நாள். எங்கடை வீட்டிலையும் செவ்வாய் மச்சம் இல்லை, சைவம்தான். இதை நான் தின்னுறதுக்கு எடுக்கேல்லை."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினாள். தலைகீழாகத் தெரிந்ததை வாசித்தேன். இன்று வேட்டை தடை என்பது தனக்குத் தெரியும் என்று சொன்னார். அவ்வளவுதான் எழுதியிருந்தது. சைவம் அதில் இல்லை.

அடுத்தது பெர்மெஸ்ஸோ. சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மீசைக்காரர் வளைத்துப் பார்த்தார், வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார்.

"இது கொப்பி."

"ஓம். கலர் கொப்பி. ஒறிஜினல் வீட்டிலை, சாமிப்படத்துக்குப் பின்னாலை."

"ஏன்?"

"துலைஞ்சு போகாமல்."

இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் பஸ்ஸுக்குள் ஒருவர் அட்டையைப் பறிகொடுத்துவிட்டு, புதியது கையில் வரும்வரை வேலையும் இல்லாமல் ஊருக்கும் போக முடியாமல் இருந்ததைப் பார்த்த பிறகு எல்லோரும் கொப்பியெடுத்து பிளாஸ்டிக் உறை ஒட்டிப் பையில் வைத்துக்கொண்டோம். அச்சுக் கடைக்காரன் மூலையைக்கூட அட்டையைப் போலவே வட்டமாக வெட்டித் தருவான். அந்த வட்டமான மூலைதான் மீசைக்காரருக்குப் பிடிக்கவில்லை. உண்மையான அட்டை மாதிரிச் செய்திருக்கிறாய், நீ யார் என்று உறுதியாகும்வரை எங்களோடு வரவேண்டும் என்றார்.

இதற்கிடையில் அந்தப் பெண் நாய்களின் கழுத்தில் ஒரு கருவியை வைத்து நான்கு தடவை பீப் பண்ணினாள். தொலைபேசியில் பார்த்து என் பெயரை எழுத்து எழுத்தாக வாசித்தாள். நான்கு நாய்க்கும் அதே பெயர்.

"நாய்கள் உங்கடைதான்."

அப்போதுதான் கீழேயிருந்து அவ்வொகாத்தோ தடியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். அப்பாடா, வந்துவிட்டார், இனிச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் காவலர்களுக்கு வணக்கம் சொன்னார்.

"நான் இவருடைய வழக்கறிஞர்" என்றார். கோட்டுக்குப் போவதை விட்டாலும் வழக்கறிஞர் பதிவில் அவர் பெயர் இன்னும் இருந்தது. என் பக்கம் திரும்பி, "நீ வாயைத் திறக்காதை. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார்.

அந்த ஒரு வசனத்தால் அவர் வழக்குக்கு வெளியே போய்விட்டார், நான் மட்டும் உள்ளே நின்றேன். எனக்கு அது விளங்குவதற்குக் காவல் நிலையம் வரை போகிற நேரம் பிடித்தது.

அந்த நிலையத்தில் எனக்குக் கொடுத்த அறை நீளப்பாட்டுக்குப் பதினொரு தரைக்கல், அகலப்பாட்டுக்கு எட்டு. யன்னலில் ஏழு கம்பி. கதவு பூட்டியிருக்கவில்லை, ஆனால் திறந்தால் மீசைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். நாய்கள் முற்றத்தில் ஒரு கூட்டுக்குள் இருந்தன. மனைவிக்குத் தொலைபேசி எடுக்க விட்டார்கள்.

"சாமிப்படத்துக்குப் பின்னாலை இருக்கிற அட்டையை எடுத்துக்கொண்டு உடனை வாரும்" என்றேன்.

"எங்கை நிக்கிறியள்? ஏன் குரல் இப்பிடி இருக்கு?"

"பொலிசிலை. நாய் முயல் பிடிச்சிட்டுது."

"நாய் பிடிச்சதுக்கு உங்களை ஏன் பிடிச்சவை?"

"நீர் முதல் அட்டையைக் கொண்டு வாரும்."

"எப்பிடி வாறது? அம்மாவைத் தனிய விட்டுட்டு? அவ்வொகாத்தோவை இஞ்சை அனுப்புங்கோ, அவர் வந்தால் நான் வெளிக்கிடுறன்."

அவ்வொகாத்தோ அசையமாட்டார். என்னை விட்டுப் போனால் நான் வாயைத் திறப்பேன் என்ற பயம் அவருக்கு. அவர் இங்கே இருக்கும்வரை என் மனைவிக்கு அங்கிருந்து வெளியேற முடியாது. அவள் வராமல் நான் இந்த அறையை விட்டுப் போக முடியாது. ஒரு முயல் செத்து ஒரு மணித்தியாலத்துக்குள் மூன்று பேர் ஒருவரால் ஒருவர் கட்டுப்பட்டுக் கிடந்தோம். கூட்டில் நான்கு நாய்கள்.

அவ்வொகாத்தோ என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுத் தாழ்ந்த குரலில் கதைத்தார்.

"சின்ன விசயம். ஒரு அபராதம், அதை நான் கட்டுவன். நீ ஒண்டும் கதையாமல் இரு."

"அபராதம் இல்லை, அவ்வொகாத்தோ. குற்ற வழக்கு. நீங்கள்தானே சொன்னீங்கள், செவ்வாய் வெள்ளி வேட்டை குற்றம் எண்டு."

"படிச்சதை எனக்கே திருப்பிச் சொல்லுறியோ?"

"என்ரை குடியுரிமைக் கடிதம் என்னாகும்?"

"அது வேறை கந்தோர். இவங்களும் அவங்களும் ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்கிறதில்லை."

"விண்ணப்பத்திலை ஏழாம் பக்கத்திலை கேட்டிருக்கினம், வழக்கு ஏதும் இருக்கோ எண்டு. நாய் உங்கடை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

அவர் தன் கைகளைப் பார்த்தார். "ஐம்பத்திரண்டு வருசம் கோட்டிலை நிண்டவன். ஒரு நாள் என்ரை பேர் மற்றப் பக்கத்திலை வந்ததில்லை. இந்த வயசிலை ஒரு முயலுக்காகவோ?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவருக்கு ஐம்பத்திரண்டு வருடப் பெயர். எனக்கு இரண்டு பேரப்பிள்ளைகள். இரண்டில் ஒன்று போக வேண்டும், அது எது என்பதை அவர் காரில் இருந்தபடியே முடிவு செய்துவிட்டார் என்பதுதான் எனக்கு வலித்தது.

பத்தரைக்கு அந்தப் பெண் காகிதங்களோடு வந்து உட்கார்ந்தாள். "இவரை உங்கடை வழக்கறிஞராக ஏற்றுக்கொள்ளுறீங்களோ?" என்று என்னைக் கேட்டாள். கேட்கத்தான் வேண்டும், அது சட்டம்.

அவ்வொகாத்தோ எனக்காக ஓம் என்று தலையாட்டினார்.

"இல்லை" என்றேன். "வேறை ஆள் வேணும். அரசாங்கம் தாற ஆள்."

அந்தப் பெண் பேனையை எடுக்காமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நாய்கள் இவருடையவை. பேப்பரிலை மட்டும்தான் என்ரை" என்றும் சொன்னேன்.

"பேப்பரில் இருக்கிறதைத்தான் நாங்கள் எழுதலாம். நீங்கள் சொன்னதையும் எழுதுறன். இவர் ஒப்புக்கொண்டால் அதுவேறை" என்றாள்.

அவ்வொகாத்தோ தொப்பியை எடுத்து, என் பக்கம் திரும்பாமலே வெளியே போனார். முற்றத்தைக் கடக்கும்போது நாய்கள் அவருடைய தடிச் சத்தத்துக்குக் கத்தத் தொடங்கின. கார் போய் வெகு நேரம்வரை ஓயவில்லை.

அவர் வீட்டுக்குப் போன பிறகுதான் மனைவியால் வெளிக்கிட முடிந்தது. லிபெர்த்தாவிலிருந்து ஒரேத்தோவுக்கு ஒரு பஸ், எங்கள் வீட்டுக்குத் தொண்ணூற்றிரண்டு படி, பிறகு நிலையத்துக்கு இரண்டு பஸ். அட்டையை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒன்று நாற்பதுக்கு வந்தாள். அட்டையின் ஒரு மூலையில் விபூதி ஒட்டியிருந்தது. மீசைக்காரர் அதை விரலால் தட்டிவிட்டு, கொப்பியையும் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நீங்கள் போகலாம் என்றார். ஆறு மணித்தியாலமும் இருபது நிமிடமும் ஆகியிருந்தது.

போகலாம்தான். ஆனால் நாய்களையும் கொண்டு போக வேண்டும். வழக்கு முடியும்வரை அவை சட்டத்தின் கையில் இருக்கும் பொருட்களாம். வைத்திருக்கக் காவலர்களிடம் இடம் இல்லை. அதனால் பதிவில் உள்ள சொந்தக்காரனிடமே பொறுப்புக் கொடுக்கிறார்களாம். நீதிபதி சொல்லாமல் வேறு யாரிடமும் கொடுத்தால் அது இன்னொரு குற்றம். இந்தத் தடவை காகிதத்தை முழுவதும் வாசித்தேன். வாசித்தும் கையெழுத்து வைக்கத்தான் வேண்டியிருந்தது.

காணிக்குக் கொண்டு போனால், அவ்வொகாத்தோ அதற்குள் பூட்டை மாற்றியிருந்தார், என்னுடைய திறப்பு சேரவில்லை. காவலர் வண்டி எங்களை வீட்டு வாசலில் இறக்கியது.

"நாலும் எங்கடை வீட்டுக்கோ?" என்றாள் மனைவி.

"பேப்பரிலை அப்பிடித்தான்."

"பேப்பர் வந்து கழுவுமோ, கூட்டுமோ?"

அந்த நாய்கள் தங்கள் பிறப்பில் படி ஏறியதில்லை. இரண்டாவதை நான் தூக்கினேன், நான்காவதை அவள் தூக்கினாள். மற்ற இரண்டும் ஒவ்வொரு படியிலும் நின்று யோசித்து வந்தன. எங்களுக்கு இரண்டு அறையும் ஒரு குசினியும். ஒன்று கட்டிலின் கீழே புகுந்தது, ஒன்று கதவை விட்டு அசையவில்லை. கீழ் வீட்டுக்காரி தும்புத்தடியால் முகட்டை இடித்தாள். மனைவி அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை, அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. அந்த வீட்டிலிருந்து தொலைபேசி வரவும் இல்லை.

நான்காம் நாள் காலை படிகளில் தடி ஊன்றும் சத்தம் கேட்டது. எங்களுக்கு முதல் நாய்களுக்குக் கேட்டுவிட்டது. கதவைத் திறந்ததும் நான்கும் அவர்மேல் விழுந்தன. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் எல்லாம் நக்கின. அவர் தடுக்கவில்லை. எனக்கு அதைப் பார்க்க விருப்பமில்லை, குசினிக்குள் போனேன்.

மனைவி தேநீர் கொடுத்தாள். அவருக்குச் சவரம் செய்யாத முகம். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது.

"நாயைத் தா" என்றார்.

"தரேலாது, அவ்வொகாத்தோ. கையெழுத்து வைச்சிருக்கிறன். உங்களுக்குத் தெரியாத சட்டமோ?"

தெரியும். அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் பலெர்மோவில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். அவை தன்னுடைய நாய்கள் என்று அந்த நிலையத்தில் போய்ச் சொன்னால் ஒழிய அவற்றைத் தொட அவருக்கு வழியே இல்லை. தேநீரைக் குடித்து முடித்தார். மூன்றாவது நாய் அவருடைய சப்பாத்தின்மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது.

"இதின்ரை கால்நகம் வெட்டேல்லையே" என்றார் கடைசியாக.

"கத்தரி உங்கடை காணிக்குள்ளை."

அவர் எழும்பினார். "வா" என்றார்.

அவருடைய காரில், நான்கு நாய்களோடு, அதே நிலையத்துக்குப் போனோம். வழியில் பாடம் நடக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதி, வாசித்துக் காட்டினாள். நாய்கள் தன்னுடையவை, பதிவை மாற்றியது தன் யோசனை, அன்று தான் கூட்டிப் போனதாலேயே இவர் வந்தார். அவர் ஒரு சொல்லும் திருத்தாமல் கையெழுத்து வைத்தார்.

"அப்ப நான்?" என்று கேட்டேன்.

"இது உங்களுக்கு உதவும்" என்றாள். "ஆனால் கயிற்றை அவிழ்த்தது உங்கடை கை. என்ன கிழமை எண்டும் உங்களுக்குத் தெரியும். அதை நீதிபதிதான் பார்க்க வேணும்."

எப்போது என்று கேட்டேன். அது தனக்குத் தெரியாது என்றாள். இன்றுவரை தெரியாது. குடியுரிமைக் கணக்கைக் கணினியில் திறந்தால் ஐந்து மாதமாக 'பரிசீலனையில்' என்ற அதே வரிதான் இருக்கிறது. நாளுக்கு இரண்டு தடவை பார்க்கிறேன். மகளுக்கு இன்னும் சொல்லவில்லை.

நாய்கள் இப்போது அவர் பொறுப்பில் இருக்கின்றன, யார் உலாத்துகிறார்கள் என்று தெரியாது. நான் பிறகு அந்த வேலைக்குப் போகவில்லை. அன்று நாய்களை ஒப்படைத்துவிட்டு வீடு வந்தபோது மனைவி கட்டிலை நகர்த்தி மயிர் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அவர் வேறை ஏதும் சொன்னவரோ?" என்று கேட்டாள்.

"ஒண்டும் சொல்லேல்லை."

"அம்மாவுக்கு ஆர் குளிக்க வாக்கிறதாம்?"

"நான் கேக்கேல்லை. நீர் இனி அங்கை போகப் போறீரோ?"

அவள் கூட்டுமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கை கழுவப் போனாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலாகச் சொன்னாள்.

"நாலு நாளாய் அந்த மனிசியை ஒருத்தரும் பிரட்டிப் படுக்க வைச்சிருக்க மாட்டினம். முதுகு புண்ணாகிப் போயிருக்கும். நாளைக்குப் போகத்தான் வேணும்."

அடுத்த நாள் ஆறரை பஸ்ஸுக்குப் போனாள். தன்னுடைய ஒறிஜினல் அட்டையைக் கொண்டு போகவா வேண்டாமா என்று வாசலில் நின்று கேட்டாள். நான் கொண்டு போகச் சொன்னேன்.